வேலியில் கண்வலிக் கிழங்கு, தொட்டியில் லில்லி

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஐப்பசியில் நம் குடியிருப்பின் பின்பக்க வேலியில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், ஒரு கொடி ஏறிக் கிடந்தது. "விஷச் செடி, கண்வலிக் கிழங்கு, பிள்ளைகள் விளையாடும் இடம், உடனே பிடுங்க வேண்டும்" என்று செயற்குழுவுக்குக் கடிதம் போனதே, நினைவிருக்கிறதா? அதில் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரில் நானும் ஒருவன். அதே வாரம் ஒரு நர்சரியிலிருந்து 'ஃபிளேம் லில்லி' என்று சீட்டு ஒட்டிய கிழங்கு ஒன்றை வாங்கி வந்து, என் பால்கனித் தொட்டியில் வைத்தவனும் நானே. அடுத்த சாரலில் அது முளைத்துக் கம்பியைப் பிடித்து ஏறியது. தண்ணீர் ஊற்ற வந்த நம் தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், வேலில கெடந்ததும் இதுதான், ஒங்க தொட்டில கெடக்கதும் இதுதான். அதப் பிடுங்கச் சொன்னிய, இதுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுதிய."

என் பேத்திக்கு இரண்டு வயது. தொட்டி அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. 'லில்லி' என்ற பெயர் இருந்ததால் எனக்கு எந்தப் பயமும் வரவில்லை. 'கண்வலிக் கிழங்கு' என்ற பெயர் இருந்ததால் வேலியில் இருந்ததை ஒழிக்கக் கையெழுத்துப் போட்டேன். ஒரே செடிதான். பெயர் மாறியதும் என் புத்தியும் மாறிவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பெயர்களைத் துரத்திக்கொண்டு போனேன். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று ஆசிரியர் குழு இடம் கொடுத்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கொடியைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருப்பதால், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் படித்துவிட்டு வாருங்கள்.

செடியை உங்களுக்குத் தெரியும். தென்காசியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. ஐந்தருவிப் பக்கமும் புளியரைப் பக்கமும் வேலிகளில் பார்த்திருப்பீர்கள். சாரல் தொடங்கியதும் மண்ணுக்குள்ளிருந்து பச்சைத் தண்டாகக் கிளம்பும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்த செடியைப் பிடித்துக்கொள்ளும். பூவுக்கு ஆறு இதழ். அவை கீழே தொங்காமல் பின்பக்கமாக மடிந்து, தீ எரிவது போல மேல்நோக்கி நிற்கும். ஓரங்கள் அலையலையாக இருக்கும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு என்று ஒரே பூ சில நாட்களில் இத்தனை நிறம் மாறும். சூல்தண்டு மட்டும் மற்ற பூக்களைப் போல நேராக நிற்காமல், அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த மடங்கலை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழில் இதற்கு எத்தனை பெயர்! பூவைப் பார்த்தவர்கள் செங்காந்தள் என்றார்கள். மாதத்தைப் பார்த்தவர்கள் கார்த்திகைப் பூ என்றார்கள். கிழங்கைத் தோண்டியவர்கள், அது ஆங்கில 'வி' எழுத்தைப் போலக் கவைத்து, ஏர் வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றார்கள். வடமொழியில் லாங்கலி என்பதும் கலப்பையை ஒட்டி வந்த பெயரே. இலை நுனியைக் கவனித்த யாரோ தலைச்சுருளி என்றார்கள். பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையில் கண்வலிக் கிழங்கு என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இந்தக் கடைசிப் பெயரில் ஒரு ஆபத்து உண்டு. 'கண்வலிக்கு மருந்தான கிழங்கு' என்று யாராவது தலைகீழாகப் புரிந்துகொள்ளலாம். நம் வாட்ஸ்அப் குழுவிலேயே அப்படி ஒரு செய்தி வந்தது. தயவுசெய்து அந்தச் சாற்றைக் கண் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இவற்றையெல்லாம் விடப் பழைய பெயர் ஒன்று உண்டு. அதுதான் இந்தக் கதையின் நாயகன். தோன்றி.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பட்டியல் வருவது உங்களுக்குப் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே தெரிந்திருக்கும். அந்தப் பட்டியல் தொடங்குவதே செங்காந்தளில்தான். கொஞ்சம் தள்ளிப் போனால் தோன்றி வருகிறது. கோடல் என்ற பூவும் வருகிறது. அகராதியைப் புரட்டினால் தோன்றி என்றாலும் செங்காந்தள், கோடல் என்றால் வெண்காந்தள் என்று இருக்கிறது. அப்படியானால் கபிலர் ஒரே பூவை இரண்டு முறை எண்ணினாரா? அல்லது அவர் கண்ணுக்கு இரண்டும் வேறுவேறாகத் தெரிந்தனவா? அந்த வெண்காந்தள் இன்றைய எந்தச் செடி என்பதிலும் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. நிறம் மாறும் பூ என்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். எண்ணம் மட்டும்தான், நிரூபணம் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. 'இது ஒரு இனமா, இரண்டா' என்ற வகைப்பாட்டுச் சண்டை ஐரோப்பாவில் தொடங்கியது அல்ல.

இனி செங்கோட்டையைத் தாண்டுவோம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதை இளையவர்களுக்கு நினைவூட்டுகிறேன். கணவாய் ஏறி ஆரியங்காவு போய்விட்டால் இதே பூவுக்குப் பெயர் மேந்தோன்னி. நம் 'ன்ற' மலையாளத்தில் 'ன்ன' ஆகும். ஒன்று அங்கே ஒன்னு, கன்று அங்கே கன்னு. அதே வழியில் தோன்றி அங்கே தோன்னி. முன்னால் ஒரு 'மேல்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நம் மலையின் இரண்டு பக்கமும் ஒரே சொல் இரண்டு உச்சரிப்பில் வாழ்ந்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆட்சி. அங்கே தளபதியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீடு. மலபாரின் செடிகளை எல்லாம் படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னார்கள். தாங்கள் சொன்னது சரி என்று 1675இல் எழுதியும் கொடுத்தார்கள். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நூல்தான் ஹோர்டஸ் மலபாரிகஸ். அதன் ஏழாவது தொகுதியில் கொடிகளுக்கு நடுவே நம் செடி இருக்கிறது, 57ஆம் படம். பெயர் 'மெந்தோனி' என்று லத்தீன் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கபிலர் காலத்துச் சொல்லின் வால் ஆம்ஸ்டர்டாம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மயிர் கூச்செறிந்தது.

அந்தத் தொகுதி வந்தது 1688இல். அதற்கு ஒரு வருடம் முன்பே இன்னொருவர் முந்திக்கொண்டார். பால் ஹெர்மன், ஜெர்மனியில் பிறந்து டச்சுக் கம்பெனிக்காக இலங்கையில் மருத்துவராக வேலை பார்த்தவர். திரும்பிப் போய் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றார். அந்தத் தோட்டத்துச் செடிகளுக்கு 1687இல் அவர் போட்ட பட்டியலில் நம் கொடிக்கு 'மெத்தோனிகா மலபாரோரம்' என்று பெயர் வைத்தார். மலபார்க்காரர்களின் மெத்தோனிகா என்று பொருள். அந்தக் காலத்தில் டச்சுக்காரர்களுக்கு இலங்கைத் தமிழரும் 'மலபாரிகள்'தான் என்பதைக் கவனியுங்கள். யாருடைய வாயிலிருந்து அவர் காதில் விழுந்தது என்பது எப்படி இருந்தாலும், மெத்தோனிகா என்பது நம் பக்கத்துச் சொல்லுக்கு லத்தீன் சட்டை போட்டுவிட்ட பெயர்.

ஆம்ஸ்டர்டாமிலோ வேறு கதை. அங்கே மருத்துவத் தோட்டத்தின் செடிகளைப் பற்றி யான் கொமெலின் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1697இல் வெளிவந்தது. அவர் இதை 'லிலியம் சைலானிகம் சுபெர்பம்' என்றார். இலங்கையின் பெருமித லில்லி. ஐரோப்பியக் கண்ணுக்கு ஆறு இதழும் ஆறு மகரந்தத் தாளும் இருந்தால் அது லில்லி. அவர்களுக்குத் தெரிந்த உறவுக்காரன் அவன்தான். ஊருக்குப் புதிதாக வந்தவரை 'நீங்க அந்த வீட்டுப் பிள்ளையா?' என்று கேட்போமே, அதே கதை. நம் செடிமேல் லில்லி என்ற சீட்டு ஒட்டியவர்களில் முக்கியமானவர் இவர். நர்சரிக்காரரை நான் குறை சொல்லப் போவதில்லை, 300 வருடப் பழைய சீட்டைத்தான் அவர் ஒட்டியிருக்கிறார்.

ஆக 1700 வாக்கில் இரண்டு பெயர் போட்டியில் இருந்தன. ஒன்று நம் மண்ணின் மெத்தோனிகா. இன்னொன்று லில்லி. இரண்டுமே தோற்றன.

தோற்கடித்தவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். இந்தியப் பக்கம் அவர் வந்ததே இல்லை. பெயர் வைப்பதற்குச் சட்டம் போட்டவர் அவர். 1737இல் எழுதிய நூலில், கிரேக்கத்திலோ லத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்களைத் தள்ளிவிட வேண்டும் என்று விதித்தார். அந்தச் சட்டத்தின்படி மெத்தோனிகா 'நாகரிகமற்ற' பெயர். அதைத் தூக்கிவிட்டு 'குளோரியோசா' என்று வைத்தார். லத்தீனில் புகழ் நிறைந்தது என்று பொருள். லில்லிப் பேரினத்திலிருந்தும் பிரித்துவிட்டார். பிரித்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு சொன்ன அந்த மடங்கிய சூல்தண்டு லில்லியில் கிடையாது.

1747இல் ஹெர்மன் சேர்த்து வைத்திருந்த இலங்கைச் செடிகளை வைத்து அவர் ஒரு நூல் எழுதினார். பிறகு 1753இல் ஸ்பீஷீஸ் பிளாண்டாரம். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைத்த நூல் அது. இன்றும் தாவரப் பெயர்களின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் 305ஆம் பக்கத்தில் 'குளோரியோசா சுபெர்பா' வருகிறது. சுபெர்பா யாருடையது என்று தெரிகிறதல்லவா? கொமெலினின் 'சுபெர்பம்' அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. லில்லி போய்விட்டது, லில்லியின் பெருமிதம் மட்டும் தங்கிவிட்டது. வாழும் இடம்: மலபார். தமிழ்நாடு என்றோ இலங்கை என்றோ இல்லை.

லின்னேயஸின் சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்ததா என்றால், அதுவும் இல்லை. நம் மொட்டைமாடித் தோட்டத்தில் கொடிப்பசலை வளர்க்கிறோமே, அதன் தாவரவியல் பெயர் 'பாசெல்லா'. அது மலையாளத்து 'வசளா', நம் பசளை. ரீடின் நூலிலிருந்து எடுத்து லின்னேயஸே தன் நூலில் வைத்துக்கொண்டார். பசலைக்கு அடித்த யோகம் தோன்றிக்கு அடிக்கவில்லை. கீரைக்கு இடம் கொடுத்துவிட்டு காந்தளைத் தள்ளியதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் கிடையாது. நம் சங்கத்து விதிமுறைகளிலும் பார்க்கிங் விஷயத்தில் இதே கதைதான் நடக்கிறது, அதை இங்கே கிளற வேண்டாம்.

மெத்தோனிகா உடனே செத்துவிடவில்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பல தாவரவியலாளர்கள் அதைப் பிடிவாதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயர் சாலிஸ்பரி 1796இல் இரண்டும் வேண்டாமென்று 'யூகோனே' என்று மூன்றாவதாக ஒன்றைக் கொண்டு வந்தார். யாரும் சட்டை செய்யவில்லை. முதலில் முறைப்படி வெளியிடப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்ற விதி உறுதியானபோது, கணக்கு 1753இல் தொடங்குவதால், 1687இன் மெத்தோனிகாவுக்கு வழக்காடவே இடம் இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் குற்றாலத்துக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போவோம். 1830களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மதராஸ் கம்பெனிப் படையில் வேலை பார்த்தவர், குற்றாலத்து மலையில் செடி சேகரித்தார். குற்றாலத்தின் தாவரங்களைப் பற்றி மதராஸில் வெளியான ஓர் இதழில் அப்போதே எழுதினார். அவர் சேர்த்த உலர் மாதிரிகள் எடின்பரோவிலும் கியூவிலும் இருக்கின்றன. சீட்டுகளில் 'கூர்ட்டாலம்' என்று நம் ஊர்ப் பெயரைக் காணலாம். அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். தோன்றிக்குக் கிடைக்காத லத்தீன் கோவிந்துவுக்குக் கிடைத்தது ஓர் ஆறுதல்.

வைட்டை இழுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. 'அப்படியானால் நம் மலையில் உண்மையான லில்லியே கிடையாதா?' என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில், நீலகிரியிலும் பழனி மலையிலும், நீண்ட வெள்ளைக் குழல் போல ஒரு பூ பூக்கும். அசல் லில்லி. வைட்தான் 1853இல் தன் கடைசித் தொகுதியில் அதற்கு 'லிலியம் நீல்கெர்ரென்ஸ்' என்று பெயரிட்டார். அதிலும் சண்டை ஓயவில்லை. சிலர் அதைத் தனி இனம் என்கிறார்கள், சிலர் இமயமலை லில்லி ஒன்றின் வகைதான் என்கிறார்கள். அந்தப் பூவையும் நம் வேலிப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் 250 வருடம் தாவரவியல் அப்படித்தான் எழுதி வைத்தது.

அது எப்படி? பேரினம் பிரிந்தாலும் குடும்பம் பிரியவில்லை. லின்னேயஸ் மகரந்தத் தாளையும் சூல்தண்டையும் எண்ணிச் செடிகளைப் பிரித்தார். ஆறு தாள், ஒரு சூல்தண்டு என்ற கணக்கில் குளோரியோசா, லில்லிக்கும் டியூலிப்புக்கும் நடுவில் போய் அமர்ந்தது. பின்னால் வந்தவர்கள் இயற்கை உறவுப்படி குடும்பம் கட்டியபோதும் அது லிலியேசி என்ற குடும்பத்திலேயே தங்கியது. 1897இல் முடிந்த ஹூக்கரின் இந்தியத் தாவர நூல் தொகுதியிலும் அப்படித்தான், நம் மாகாணத்துக்கென்று கேம்பிள் தொடங்கிவைத்த நூலிலும் அப்படித்தான். எங்கள் காலத்துக் கல்லூரிப் பாடப் புத்தகத்திலும் குளோரியோசா என்றால் லிலியேசி என்று எழுதித்தான் மதிப்பெண் வாங்கினோம்.

அந்த லிலியேசி ஒரு விசித்திரமான குடியிருப்பு. வெங்காயம், பூண்டு, சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு, டியூலிப் எல்லாம் அதே கட்டடத்தில். எங்கே வைப்பது என்று தெரியாதவர்களுக்கெல்லாம் அங்கே ஒரு போர்ஷன் கொடுத்துவிட்டார்கள்.

உண்மையை முதலில் காட்டிக்கொடுத்தது பூ அல்ல, விஷம். ஐரோப்பாவில் கோல்சிகம் என்று ஒரு செடி. தரையோடு ஒட்டி ஊதா நிறத்தில் பூப்பது, பார்வைக்கு நம் கொடியோடு எந்த ஒற்றுமையும் இல்லாதது. கீல்வாதத்துக்கு அதைப் பழங்காலத்திலிருந்தே மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். அளவு தவறினால் ஆளே போய்விடுவார். 1820இல் பாரிஸில் பெல்லெத்தியேவும் காவன்தூவும் அதிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தார்கள். அதே வருடம் குயினைனைக் கண்டுபிடித்த அதே இருவர். அந்தப் பொருள் கோல்சிசின். நம் கண்வலிக் கிழங்கின் நஞ்சை 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் கல்கத்தாவில் வார்டன் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து, 'சுபெர்பின்' என்று தனிப் பெயர் கொடுத்தார். 1915இல் லண்டன் வேதியியல் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை, அதில் உள்ளது கோல்சிசின்தான் என்று காட்டியது. தொட்டிச் செடிக்கும் வேலிச் செடிக்கும் நடந்த கதையேதான், ஒரே பொருள், இரண்டு பெயர்.

இரண்டு செடிக்கும் ஒரே விஷம் எப்படி வந்தது? உறவு இருந்திருக்கிறது. ஆனால் லின்னேயஸின் கணக்கில் கோல்சிகத்துக்கு மூன்று சூல்தண்டு, குளோரியோசாவுக்கு ஒன்று. அதனால் ஒன்றை ஓர் அறையிலும் இன்னொன்றை வேறு அறையிலும் வைத்தார். தண்டை எண்ணியவருக்கு ரத்த உறவு தெரியவில்லை. கோல்சிகேசி என்று ஒரு குடும்பத்தை 1804இலேயே தெ கண்டோல் முன்வைத்திருந்தார். பெரிய நூல்கள் அதை ஏற்காமல் லிலியேசியிலேயே அடைத்து வைத்தன. 1985இல் டால்கிரன் குழுவினர் அந்தப் பழைய கட்டடத்தை உடைத்துப் பல குடும்பமாக்கினார்கள். மரபணு ஆராய்ச்சி வந்தபின் 1998இல் வெளியான புதிய வகைப்பாடு அதை உறுதி செய்தது. வெங்காயம் ஒரு பக்கம், கற்றாழை ஒரு பக்கம், தண்ணீர்விட்டான் ஒரு பக்கம் என்று குடி பெயர்ந்தன. செங்காந்தள் கோல்சிகத்தோடு சேர்ந்து கோல்சிகேசி ஆயிற்று. இன்னொரு வேடிக்கை: 1753 நூலில் இதற்கு முந்தைய பக்கத்தில் உவுலேரியா என்ற அமெரிக்கச் செடி இருக்கிறது. அதுவும் இன்று இதே குடும்பம்தான். லின்னேயஸ் தெரியாமலே ஒரு சொந்தக்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்.

ஆப்பிரிக்காவிலும் இந்தப் பூ உண்டு. ஜிம்பாப்வேயின் தேசியப் பூ இதுதான், ஃபிளேம் லில்லி என்ற பெயர் அங்கே பிரபலம். 1947இல் தென் ரொடீசியப் பள்ளிப் பிள்ளைகளின் பரிசாக இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூ வடிவத்தில் ஒரு வைர ப்ரூச் கொடுத்தார்கள். அங்கே நிறத்துக்கும் இதழ் வளைவுக்கும் தகுந்தபடி வந்தவர்கள் எல்லாம் புதுப்புது இனம் அறிவித்தார்கள். 1903இல் ரோத்சில்டு பிரபுவின் பெயரில்கூட ஒன்று, 'ரோத்சில்டியானா'. 20ஆம் நூற்றாண்டில் அவற்றில் பலவும் ஒன்றே என்று சேர்த்துவிட்டார்கள். 2007இல் எதிர்ப்பக்கமாக, லிட்டோனியா என்ற தனிப் பேரினத்தையே கொண்டுவந்து குளோரியோசாவில் கலந்தார்கள். கோடு எங்கே போடுவது என்பது இன்னும் முடியவில்லை. கபிலரின் பட்டியலில் தோன்றியும் காந்தளும் தனித்தனியாக நிற்பது எனக்கு இப்போது தவறாகவே படவில்லை.

இனி நம் வேலிக்கு வருவோம்.

கோல்சிகேசி என்று தெரிந்தால் கிடைக்கும் லாபம் இதுதான்: செடியின் எல்லாப் பகுதியிலும், அதிலும் கிழங்கிலும் விதையிலும் அதிகமாக, கோல்சிசின் இருக்கிறது. வள்ளிக்கிழங்கு, வற்றாளை என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, பேதி தொடங்கும். பலர் அதை உணவு ஒவ்வாமை என்று விட்டுவிடுகிறார்கள். இடையில் கொஞ்சம் தெளிந்தது போலவும் இருக்கும். அதற்குள் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று உள்ளே பாதிப்பு போய்க்கொண்டிருக்கும். எளிதில் கிடைக்கும் முறிவு மருந்து கிடையாது. யாராவது ஒரு துண்டு கடித்திருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல், செடியின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். 'லில்லியைத் தின்றுவிட்டது' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. கண்வலிக் கிழங்கு என்று சொல்லுங்கள், குளோரியோசா என்று சொல்லுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சுத்தி செய்து இதைச் சேர்ப்பார்கள் என்பது உண்மை. அதே நேரம் மருந்துச் சட்டத்தின் நச்சுப் பட்டியலில் லாங்கலி என்ற பெயரில் இது இருப்பதும் உண்மை.

அப்படியானால் பிடுங்கிவிடலாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஒரு வருடம் முன்பு அப்படித்தான் இருந்தது. ஆனால் இது நம் மாநிலப் பூ. கோல்சிசினுக்காக மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் பந்தல் கம்பி கட்டிப் பயிரிடுகிறார்கள். மடங்கிய சூல்தண்டு மகரந்தத் தாள்களிலிருந்து விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் ஆட்கள் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதை வெளிநாட்டுக்குப் போகிறது. அந்த வயல்களுக்கு வேண்டிய கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டித் தோண்டியே காட்டுச் செடி பல இடங்களில் குறைந்துவிட்டது. நம் மதிலுக்கு வெளியே வீட்டுமனைகள் ஆன இடத்தில் முன்பு இது எவ்வளவு கிடந்தது என்பதைத் தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தோட்டக் குழு பொதுக்குழுவில் வைக்கப்போகும் யோசனை இது. விளையாட்டு இடத்துப் பக்கம் முளைப்பதை மட்டும் கையுறை போட்டு எடுத்து, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கம்பி வலைக்குள் மாற்றி வைப்பது. காய் முற்றி வெடிக்கும் முன் பறித்துவிடுவது, ஏனென்றால் உள்ளே இருக்கும் சிவப்பு விதை குழந்தைகளின் கண்ணை இழுக்கும். கிழங்கை யாருக்கும் கொடுப்பதில்லை. முன்னால் ஒரு பெயர்ப் பலகை. எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம், சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்களின் பேச்சுக்கே முதலிடம். என் பால்கனித் தொட்டியை ஏற்கெனவே கீழே கொடுத்துவிட்டேன்.

பலகைதான் இப்போது சிக்கல். ஒன்றரை அடிக்கு ஒரு அடி, அவ்வளவுதான் இடம். மேலே பெரிய எழுத்தில் எது வர வேண்டும் என்பதில் குழுவில் நான்கு பேருக்கு நான்கு கருத்து. பள்ளி ஆசிரியை ஒருவர் செங்காந்தள் என்கிறார். சி பிளாக்கில் இருக்கும் இலங்கைக் குடும்பத்துப் பெரியவர் கார்த்திகைப் பூ என்கிறார், அவருக்கு வேறு பெயர் வாயில் வராது. செயலாளருக்கு லத்தீன் வேண்டும். தோட்டக்காரர், "கண்வலிக் கெழங்குன்னு போடுங்க சார், அப்பந்தான் ஒருத்தனும் தொடமாட்டான்" என்கிறார். எனக்கு அவர் சொல்வதே சரி என்று படுகிறது. சிவப்பில், பெரிதாக, 'நச்சுச் செடி' என்ற சொல்லோடு அதைப் போட்டுவிட்டு, கீழே செங்காந்தள், கார்த்திகைப் பூ, குளோரியோசா சுபெர்பா, கோல்சிகேசி. ஓரத்தில் மிச்சம் இடம் இருந்தால் சின்ன எழுத்தில் 'தோன்றி' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். லில்லி வேண்டாம்.